பீர் ஆலை விட்டுச் சென்ற தண்ணீர்



சூரிச் நகரின் எங்ஙே பகுதியில், மேட்டு நிலத்தில் நிற்கும் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு குளம் இருக்கிறது. ஆண்டு முழுக்க அதில் வெந்நீர். பனி கொட்டும் ஜனவரியிலும் ஆட்கள் கழுத்தளவு நீரில் நின்றபடி ஊரின் கோபுரங்களைப் பார்க்கிறார்கள். வானம் தெளிந்திருந்தால் தொலைவில் ஆல்ப்ஸ் மலைத்தொடரும் தெரியும். அதே கட்டடத்துக்குள், கல் வளைவுகள் தாங்கும் நிலவறைகளில், பெரிய மரப்பீப்பாய் போன்ற தொட்டிகளில் இன்னும் பலர் அமிழ்ந்திருக்கிறார்கள். ஒட்டினாற்போல் 60 அறைகள் கொண்ட பி2 என்னும் விடுதி. இந்த வளாகத்தில் 1866 முதல் நூற்று முப்பது ஆண்டுக் காலம் பீர் காய்ச்சினார்கள்.

ஆலை மூடினால் கட்டடத்துக்கு வழக்கமாக இரண்டு கதிதான். ஒன்று, இடித்துத் தரைமட்டமாக்கி மனை போடுவார்கள். இல்லையேல் முகப்புச் சுவரை மட்டும் விட்டுவைத்து, உள்ளே எல்லாவற்றையும் உருவிவிட்டு, வேறு எங்கும் கட்டியிருக்கக்கூடிய ஒன்றைக் கட்டுவார்கள். சூரிச்சில் நடந்தது இரண்டும் அல்ல. ஆலை தன் வேலைக்காகத் தேடிய தண்ணீரும், தன் வேலைக்காகக் கட்டிய நிலவறையும் புதிய தொழிலுக்கும் அப்படியே தேவைப்பட்டன. இந்த மாலைப் பேச்சு முழுவதும் அதைச் சுற்றித்தான்.

கதை சூரிச் ஏரிக்கரையில் ஃபெல்ட்பாக் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே 1836இல் ஹான்ஸ் ஹைன்ரிஷ் ஹூர்லிமான் ஒரு பீர் ஆலையைத் தொடங்கினார். முப்பது ஆண்டு கழித்து, ஆல்பர்ட் ஹைன்ரிஷ் ஹூர்லிமான் காலத்தில், ஆலை சூரிச்சை ஒட்டிய எங்ஙேவுக்கு இடம்பெயர்ந்தது. எங்ஙே அப்போது தனி ஊர். 1893இல்தான் நகரோடு சேர்ந்தது. குடிப்பவர்கள் இருக்கும் ஊர் அருகில், நிலவறை வெட்டச் சரிவான நிலம் கையில். பீர் ஆலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நிலவறை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடு ஐரோப்பா முழுக்கப் பரவிய பீர் லாகர் வகை. இதில் ஈஸ்ட் தொட்டியின் அடியில் தங்கி, மெல்ல மெல்ல நொதிக்கும். பத்து டிகிரியை ஒட்டிய குளிரில் நொதிக்க வேண்டும். பிறகு ஏறக்குறைய உறைநிலைக் குளிரில் வாரக்கணக்கில் பீப்பாயில் கிடந்து தெளிய வேண்டும். வெயில் காலத்தில் இந்தக் குளிருக்கு எங்கே போவது? குளிர்காலத்தில் மலை ஏரிகள் உறைந்ததும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, வண்டியேற்றி, நிலவறைகளில் அடுக்கிவைத்தார்கள். கிளாருஸ் மலைப்பகுதியின் குளோன்தால் ஏரி இந்தப் பனிக்கட்டி வியாபாரத்துக்குப் பேர்போனது. பீர் ஆலைகள்தாம் அதன் பெரிய வாடிக்கையாளர்கள். அடுக்கிய பனி கோடை முடியும்வரை உருகாமல் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் சுவர் தடித்திருக்க வேண்டும், கூரை வளைந்து கனமாக இருக்க வேண்டும், மண் மூன்று பக்கமும் அணைத்திருக்க வேண்டும். கார்ல் ஃபொன் லிண்டே 1870களில் குளிர்பதன இயந்திரத்தை உருவாக்கினார். அதை முதலில் வாரி அணைத்துக்கொண்டவர்களும் பீர் ஆலைக்காரர்களே. இயந்திரம் வந்த பிறகும் அந்தத் தடித்த நிலவறைகள் வேலையில் இருந்தன.

ஈஸ்ட் விஷயத்திலும் ஹூர்லிமான் ஆலைக்குத் தனிப் பெயர் உண்டு. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் 1883இல் ஒற்றை ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுக்கும் முறையைக் கண்டார். கார்ல்ஸ்பெர்க் அதை மற்ற ஆலைகளுக்கு ஒளிக்காமல் கொடுத்தது. அந்த வழியில் வந்த ஈஸ்ட் ஆராய்ச்சியில் சூரிச் ஆலை ஊன்றி நின்றது. மிகுந்த ஆல்கஹாலிலும் சாகாமல் நொதிக்கும் ஒரு ஈஸ்ட் அவர்களுக்கு வசப்பட்டது. அதன் பலன் சாமிக்லாவுஸ். 14 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட இந்தப் பீரை, புனித நிக்கோலஸ் திருநாளான டிசம்பர் 6 அன்று மட்டும் காய்ச்சி, ஏறக்குறைய ஓராண்டு ஊறவைத்து, அடுத்த டிசம்பரில் வெளியே விட்டார்கள். 1980இல் சந்தைக்கு வந்தபோது உலகின் மிக வலுவான லாகர்களில் ஒன்றாகப் பேசப்பட்டது.

இவ்வளவு கைத்தேர்ச்சி இருந்த ஆலை ஏன் மூடியது? சுவிஸ் பீர் ஆலைகள் 1935 முதல் ஒரு கட்டுப்பாட்டு ஒப்பந்தத்துக்குள் இருந்தன. யார் எந்தப் பகுதியில் விற்பது, என்ன விலை என்பதெல்லாம் ஆலைகளே கூடிப் பேசி முடிவு செய்தவை. போட்டியில்லாத அந்த வேலி 1991இல் விழுந்தது. வெளிநாட்டுப் பீர் உள்ளே வந்தது, விலை இறங்கியது, நடுத்தர ஆலைகள் திணறின. 1996இல் ரைன்ஃபெல்டன் ஊரின் ஃபெல்ட்ஷ்லோஸ்ஷென் பீர் ஆலை ஹூர்லிமானைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சூரிச்சில் காய்ச்சுவது விரைவிலேயே நின்றது. 2000இல் ஃபெல்ட்ஷ்லோஸ்ஷெனையே கார்ல்ஸ்பெர்க் வாங்கிவிட்டது. நூறாண்டுக்கு முன் ஈஸ்ட் முறையை ஊருக்கெல்லாம் கொடுத்த அதே கார்ல்ஸ்பெர்க்கின் கைக்கு ஹூர்லிமான் என்ற பெயர் போய்ச் சேர்ந்தது. பெயர் தாங்கிய பீர் இன்றும் கிடைக்கிறது, ஆனால் சூரிச்சில் காய்ச்சுவதில்லை. சாமிக்லாவுஸ் சில ஆண்டு காணாமல் போய், பிறகு ஆஸ்திரியாவின் எக்கன்பெர்க் ஆலையில் மறுபடி பிறந்தது.

பெரிய ஆலை ஒன்று நின்றுபோகும்போது கூலியோடு சேர்ந்து ஒரு தெருவின் நேரக்கணக்கும் போகும். மால்ட் வேகும் வாசம் போகும், வண்டிகள் கிளம்பும் விடியற்காலைச் சத்தம் போகும். அழகாகப் புதுப்பித்த கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது முறையல்ல. ஹூர்லிமான் வளாகத்தின் மறுவாழ்வை எவ்வளவு பாராட்டினாலும், அது வேலை இழந்தவர்களுக்குக் கிடைத்த ஈடு ஆகாது.

அந்தக் காலத்தில் சூரிச்சில் இதுபோல் வெறிச்சோடிய ஆலைகள் நிறைய. எஷர் வீஸ் நிறுவனம் நீராவிக் கப்பல்களைக் கட்டிய பெருங்கூடம் 2000இல் நாடக அரங்கானது. லோவன்ப்ரோய் பீர் ஆலை 1996 முதல் ஓவியக் கூடங்களின் இடமானது. 1894இல் எழுந்த ரயில் பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் 2010இல் கடைகள் திறந்தன. ஹூர்லிமான் வளாகத்தில் அலுவலகங்களும் வீடுகளும் கடைகளும் வந்தன. 2008இல் கூகுள் நிறுவனம் தன் சூரிச் அலுவலகத்தை இங்கே பெரிதாகத் திறந்தது. மாடியிலிருந்து சறுக்குமரத்தில் இறங்கி உணவுக்கூடத்துக்குப் போகலாம் என்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் படத்தோடு வந்தது நினைவிருக்கலாம். சறுக்குமரத்தை எந்த ஊரிலும் நட்டுவிடலாம். எங்ஙே மேட்டுக்கே உரியது மண்ணுக்கடியில் இருந்தது.

பீர் ஆலைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். பீரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தானே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலை வளாகத்திலேயே ஏறத்தாழ 500 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டபோது கனிமம் நிறைந்த நீர் கிடைத்தது. அக்வி என்று அதற்குப் பெயர். சூரிச் நகரம் உட்கார்ந்திருக்கும் பாறைக்கு நிலவியலார் மொலாஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆல்ப்ஸ் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் அதிலிருந்து கரைந்து வந்த மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகியது. அதன் ஒரு பகுதி, இங்கே ஆழமற்ற கடல் பரவியிருந்த காலத்தில் படிந்த மணற்கல். மணற்கல்லின் நுண்துளைகளில் பழைய நீர் தேங்கி, பாறையின் உப்புகளை மெல்ல மெல்லத் தனக்குள் ஏற்றிக்கொள்ளும்.

அது எவ்வளவு சூடு? பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 30 டிகிரி கூடும் என்பது பொதுக் கணக்கு. சூரிச்சின் தரையடி வெப்பம் 10 டிகிரி அளவில் இருக்கும். 500 மீட்டருக்கு இன்னும் 15 டிகிரியைக் கூட்டினால் ஏறத்தாழ 25. வெந்நீர் என்று சொல்லும் சூடு இது இல்லை. ஆனால் ஜெர்மன் பேசும் நாடுகளின் வழக்கில், ஊறும் இடத்திலேயே 20 டிகிரியைத் தாண்டினால் அது வெப்ப ஊற்று நீர். அந்த வரம்பை அக்வி எட்டிவிடுகிறது. குளிப்பதற்கு 35 டிகிரிக்கு மேல் ஏற்ற மேலும் சூடாக்கியாக வேண்டும். இதை ஒளிக்க வேண்டியதில்லை. இயற்கை கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தது என்று விளம்பரம் செய்வதைவிட, ஆலை தேடிய நீரை ஊர் குளிக்கப் பயன்படுத்துகிறது என்று சொல்வதில்தான் பெருமை அதிகம்.

அந்த நீர் குளியலுக்கு வந்தது 2010 டிசம்பரில். ஆல்தாமர் ஹோஹூலி கட்டடக்கலை அலுவலகத்தின் வடிவமைப்பு. உள் அலங்காரம் உஷி தம்போரியெல்லோ. குளிர் வெளியே போகாமல் இருக்கக் கட்டிய நிலவறைக்குள் இப்போது சூடு வெளியே போகக் கூடாது. சுவருக்கு இரண்டும் ஒன்றுதான்! ஆனால் ஈரம் ஒன்றல்ல. குளிர்ந்த பழைய கல்லில் சூடான ஈரக்காற்று படும்போது நீர் முத்து முத்தாக வழியும். சுண்ணச் சாந்துக்குள் இறங்கி உப்பைக் கரைத்து வெளியே தள்ளும். உள்ளே இரும்பு இருந்தால் துரு பிடிக்கும். எனவே இப்படிப்பட்ட இடங்களில் பெரிய காற்றுப்போக்கி இயந்திரங்கள் கண்ணில் படாமல் இரவு பகலாக ஓட வேண்டும். பார்ப்பவருக்கு வெறும் கல்லும் மெழுகுவர்த்தி நிறத்து வெளிச்சமும் மட்டும் தெரியும்.

பாரத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன். இடுப்புக்கு மேல் ஆழமுள்ள குளத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு டன்னுக்கு மேல் எடை அமர்ந்திருக்கும். அலுவலகத் தளத்துக்கு வழக்கமாகக் கணக்கிடும் சுமையைப்போல் மூன்று நான்கு மடங்கு. சாதாரணக் குடியிருப்பின் மாடியில் இதை வைத்தால் தளம் தாங்காது. செம்புக் கொப்பரைகளையும் மால்ட் மூட்டைகளையும் நிறைந்த தொட்டிகளையும் சுமக்கப் பிறந்தவை பீர் ஆலைக் கட்டடங்கள். கனம் அவற்றுக்குப் புதிதல்ல.

உள்ளே குளிக்கும் முறைக்கு ஐரிஷ்-ரோமன் என்று பெயர். 1856இல் அயர்லாந்தின் கார்க் நகருக்கு அருகே பிளார்னியில் ரிச்சர்ட் பார்ட்டர் என்ற மருத்துவர் ஒரு வெப்பக் குளியல் மனையைக் கட்டினார். துருக்கியக் குளியல் மனைகளைப் பற்றி டேவிட் அர்குவார்ட் எழுதியதைப் படித்து எழுந்த ஆசை அது. பார்ட்டரின் முயற்சி உலர்ந்த சூடான காற்றை நோக்கிப் போனது, பழைய ரோமானியர் செய்ததைப் போல. அது ஜெர்மனிக்குப் போய், பாடன்-பாடன் நகரில் 1877இல் ஃபிரீட்ரிஷ்பாட் என்னும் மாளிகையாக நின்றது. இளஞ்சூடு, கடுஞ்சூடு, நீராவி, தேய்ப்பு, வெந்நீர், குளிர்நீர், பிறகு போர்த்திக்கொண்டு ஓய்வு என நிலை நிலையாகப் போவது இதன் ஒழுங்கு. ஒரே பெருங்கூடம் இருந்தால் இது சரிவராது. அறை அறையாக வேண்டும். வரிசையாக வளைந்து கிடக்கும் நிலவறைகளுக்கு இதைவிடப் பொருத்தமான குளியல் முறை கிடைப்பது அரிது.

விடுதி 2012இல் வந்தது. அதன் நுழைகூடம் 11 மீட்டர் உயரம். சுவர் முழுக்கப் புத்தக அடுக்கு, சுமார் 33,000 நூல்கள். மேலே தொங்கும் பெருவிளக்குகள் பழைய ஹூர்லிமான் பீர்ப் புட்டிகளால் ஆனவை. பழுப்புக் கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் புத்தக முதுகுகளில் விழுகிறது. தங்குபவர் எந்த நூலையும் எடுத்து மேசைக்குக் கொண்டுவந்து படிக்கலாம். படத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் பேசுவது இந்தக் கூடத்தைப் பற்றித்தான். அழகான கூடம், ஐயமில்லை. ஆனாலும் புட்டி விளக்கு நினைவுச் சின்னம். எந்த ஊர் விடுதியும் தன் ஊர்ப் புட்டியால் அதைச் செய்துகொள்ள முடியும். அக்வி நீரை அப்படி வேறு ஊரில் செய்துகொள்ள முடியாது. புதுப்பித்த கட்டடங்களை மதிப்பிடும்போது கண் முதலில் விளக்கைத் தேடும். மனம் தண்ணீர்க் குழாயைத் தேட வேண்டும்.

சூரிச் விடுதிகள் என்றதும் தமிழர்களுக்கு உறவினர் முகம் ஒன்று நினைவுக்கு வரும். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களால் சுவிட்சர்லாந்தில் இன்று ஏறத்தாழ 50,000 தமிழர் வாழ்கிறார்கள். அந்த முதல் தலைமுறையில் பலருக்கு முதல் வேலை கிடைத்தது உணவகச் சமையலறைகளிலும் விடுதிகளிலும்தான். மொழி தெரியாமல் பாத்திரம் கழுவத் தொடங்கி, சில ஆண்டுகளில் சுவிஸ் சமையலையே கையில் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. சீல் ஆற்றோரம் தெற்கே போகும் ரயிலில் ஏறினால் ஆட்லிஸ்வில்லில் சிவசுப்பிரமணியர் கோயில் வரும். சூரிச் விடுதித் தொழிலின் வரலாற்றை எழுதுபவர் யாரானாலும் இந்த உழைப்புக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.

இனி, யாருக்காக இந்த வெந்நீர் என்ற கேள்வி. வளாகத்தின் குளியலுக்கு நுழைவுச் சீட்டு உண்டு. விடுதியில் தங்காதவரும் வரலாம். ஆனால் சூரிச் விலைவாசியில் அது எல்லாக் குடும்பத்துக்கும் வாராவாரம் கட்டுபடியாகாது. இந்த நகரத்தின் குளியல் மரபோ வேறு மாதிரி. வீடுகளில் குளியலறை இல்லாத காலத்தில் ஆற்றிலும் அகழியிலும் மரத்தால் பொதுக் குளியல் துறைகளைக் கட்டினார்கள். ஷான்ட்ஸன்கிராபன் அகழியில் ஆண்களுக்கானது 1864இல் வந்தது; லிம்மாத் ஆற்றில் பெண்களுக்கானது 1888இல் வந்தது. இரண்டும் இன்றும் இருக்கின்றன, கோடையில் நிரம்பி வழிகின்றன. அத்தோடு, ஊர் முழுக்க 1,200க்கும் மேற்பட்ட நீரூற்றுத் தொட்டிகள். தாகமெடுத்தவர் குனிந்து குடிக்கலாம், காசு கிடையாது.

ஹூர்லிமான் வளாகத்தில் மனத்தில் நிற்கும் இடம், இந்த மரபோடு சேர்ந்தது. குளியல் கட்டடத்துக்கு வெளியே, திறந்த வெளியில், அக்வி நீர் ஓடும் ஒரு பொதுக் குழாய் இருக்கிறது. பாட்டில்களோடு வருகிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள், நிரப்பிக்கொண்டு போகிறார்கள். சீட்டு வேண்டாம், அறை வாடகை வேண்டாம். மாடிக் குளத்தில் காசு கொடுத்து அமிழ்ந்திருப்பவர் உடம்பைத் தொடும் அதே ஊற்று, சைக்கிளில் வந்து இறங்கும் ஒரு பாட்டியின் சமையலறைக்கும் போகிறது. ஆலைக்குச் சொந்தமாக இருந்த நீர், ஆலை போன பிறகு ஊருக்கும் கொஞ்சம் சொந்தமாகிவிட்டது. இந்த வளாகத்தைப் பற்றிய புகழுரைகளில் இந்தக் குழாய் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. முதல் வரியாக இருக்க வேண்டியது அது.

ஊற்று ஊருக்கும் சொந்தம் என்னும் இந்த எண்ணம் பக்கத்து ஊரான பாடனில் இன்னும் தெளிவாக நடந்திருக்கிறது. சூரிச்சிலிருந்து அங்கே போக 1847இல் போட்ட பாதைதான் சுவிஸ் மண்ணுக்குள்ளேயே தொடங்கி முடிந்த முதல் ரயில் பாதை. பாடனில் நீர் 47 டிகிரியில் தானாகவே பொங்குகிறது. ரோமானியர் அதைச் சுற்றி ஊரே அமைத்தார்கள். சித்தார்த்தா எழுதிய ஹெர்மன் ஹெஸ்ஸே மூட்டு வலிக்கு வைத்தியம் தேடி அங்கே ஆண்டுதோறும் தங்கினார். அந்த அனுபவத்திலிருந்து 1925இல் ஒரு நூலும் பிறந்தது. 

பாடனின் பொதுக் குளியல் மனை 2012இல் மூடிவிட்டது. மாரியோ போட்டா வடிவமைத்த புதிய மனை திறக்க 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. கைவிட்ட பழைய குளியல் அறைகளில் தாங்களாகவே நீரை நிரப்பிக் குளித்தார்கள், சங்கம் அமைத்தார்கள், பணம் திரட்டினார்கள், நகராட்சியோடு விடாமல் பேசினார்கள். புதிய மனை திறந்த அதே 2021இல், லிம்மாத் ஆற்றின் இரு கரையிலும், பாடனிலும் எதிர்க்கரை என்னெட்பாடனிலும், திறந்தவெளிக் கல் தொட்டிகளில் வெந்நீர் விட்டார்கள். யாரும் இறங்கலாம், கட்டணம் இல்லை. பழைய ஆலையையோ பழைய ஊற்றையோ தனியார் கையில் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்பே, வெளிச்சுவரில் பொதுக் குழாய் ஒன்று இருந்தாக வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டியது நகராட்சியின் வேலை. எழுதி வாங்கச் சொல்லி வற்புறுத்த வேண்டியவர்கள், பாடன் மக்களைப் போல, அந்த ஊர்க்காரர்கள்.